எட்டுக்கு எதிரே ஒன்று

கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்குப் போகும்போது காற்று விழுந்தால் கோபம் வரும். திரும்பி வரும்போது விழுந்தால் பசி வரும். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்த எண் கிடைத்தது. கடலோரக் களப்பின் நடுவில் வள்ளம் அசையாமல் நின்றது. பாய் துவண்டு தொங்கியது. வள்ளக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் அப்போது கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு மாஸ்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெண்கட்டித் துண்டு கிடக்கும்.

சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். வள்ளத்தின் குறுக்குப் பலகையில் பத்து லட்சம் என்று எழுதி அதை ஏழால் வகுக்கத் தொடங்கினேன். ஏன் ஏழு என்றால், இரண்டாலும் ஐந்தாலும் வகுத்தால் கணக்கு சட்டென்று முடிந்துவிடும். மூன்றால் வகுத்தால் மூன்று மூன்றாகவே வந்து தூக்கம் பிடிக்கும். ஏழுதான் கொஞ்சமாவது மல்லுக்கு நிற்கும். விடை 142857 என்று வந்தது. மீதி ஒன்று. ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை.

காற்று இன்னும் வரவில்லை. அதனால் அதை இரண்டால் பெருக்கினேன். 285714. கொஞ்சம் உறுத்தியது. மூன்றால் பெருக்கினேன். 428571. அதே ஆறு இலக்கங்கள்! நான்கால் பெருக்கினேன்: 571428. ஐந்தால்: 714285. ஆறால்: 857142. நான் போட்ட சத்தத்தில் வள்ளக்காரர் துள்ளி எழுந்தார்.

"எங்க மாஸ்டர் ஓட்டை?"

"ஓட்டை இல்ல. நம்பர்."

"நம்பரா," என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் மறுபடி சாய்ந்துகொண்டார்.

புதிதாக ஓர் இலக்கமும் உள்ளே வரவில்லை. இருந்ததில் ஒன்றும் வெளியே போகவில்லை. பூச்சியமும் மூன்றும் ஆறும் ஒன்பதும் வாசலில் நின்றதோடு சரி. அதைவிடப் பெரிய அதிசயம், ஆறு இலக்கங்களும் தங்கள் வரிசையைக்கூட மாற்றவில்லை. பலகையில் அவற்றை வட்டமாக எழுதினேன்: ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. எந்த விடையை எடுத்தாலும் இந்த வட்டத்தைத்தான் சுற்றி வாசிக்க வேண்டியிருந்தது. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது மட்டுமே வேறு.

வட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சகன் ஞாபகம் வந்தது. பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் ஆட்களின் கலியாணச் சாப்பாட்டில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை கிடையாது. பெரிய வட்டத் தட்டு நிறையச் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து மூடிக் கொண்டுவருவார்கள். ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து உண்பார்கள். அதற்குத்தான் சகன் என்று பேர். அதற்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை. யார் முதலில் கை வைத்தாலும் வட்டம் அதே வட்டம்தான். என்னுடைய எண்ணும் ஆறு பேர் உட்கார்ந்த ஒரு சகன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு நான் மனுஷனாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பெரிய மாஸ்டர், பள்ளிவாசல் லெப்பை, உச்சமுனையிலிருந்து மீன் கொண்டுவந்தவர், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "ஆறுக்குள்ள ஒரு எண்ணுச் சொல்லுங்க," என்று வழிமறிப்பேன். அவர்கள் சொன்ன நொடியில் விடையை ஒப்பிப்பேன். அதில் சூட்சுமம் பெரிதாக ஒன்றும் இல்லை. இலக்கங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு. மூன்றால் பெருக்கச் சொன்னால் அந்த அடுக்கில் மூன்றாவதாக நிற்கும் நான்கிலிருந்து வட்டத்தைச் சுற்ற வேண்டும். ஆறால் பெருக்கச் சொன்னால் ஆறாவதாக நிற்கும் எட்டிலிருந்து சுற்ற வேண்டும். கேட்டவர்கள் நான் பெருக்குகிறேன் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

வீட்டில்தான் எடுபடவில்லை. உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்து, எதிரெதிரே இருக்கிற இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்பது வருகிறது என்று விளக்கினேன். ஒன்றுக்கு எதிரே எட்டு. நான்குக்கு எதிரே ஐந்து. இரண்டுக்கு எதிரே ஏழு. எண்ணை இரண்டாக உடைத்து 142ஐயும் 857ஐயும் கூட்டினால் 999. மூன்றாக உடைத்து 14, 28, 57 என்று கூட்டினால் 99. உம்மா துருவலை நிறுத்தவே இல்லை.

"உன்ட நம்பரைச் சோத்துல போட்டுப் பிசைஞ்சு தின்ன ஏலுமா மகன்?"

"ஏலாது."

"அப்ப எழும்பிப் போய்த் தண்ணி அள்ளு."

உம்மாவின் மனது அப்போது வேறு கணக்கில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். உம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டே பேர், மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர். உம்மா நடுவில். பெரிய மாமாவுக்குக் குறிஞ்சிப்பிட்டியில் தென்னந்தோட்டம். சின்ன மாமாவுக்குப் புத்தளம் டவுனில் கடை. இந்த இருவரும் ஒருவரோடொருவர் கதைத்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவர்கள் கோபித்த வருஷம் பிறந்த பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

கோபத்துக்குக் காரணம் காணியும் இல்லை, காசும் இல்லை. பிறை. நோன்பு இருபத்தொன்பதோடு முடிகிறதா முப்பதைப் பிடிக்க வேண்டுமா என்று பார்க்க ஊரே கடற்கரையில் நின்ற ஒரு மாலை. முகில் நிறைந்த வானம். பெரிய மாமா கையை நீட்டி, "அந்தா பிறை!" என்றார். பக்கத்தில் நின்ற சின்ன மாமா அதே விரலின் வழியே பார்த்துவிட்டு, "அது முகில்ட ஓரம் நானா," என்று அண்ணனிடம் சொன்னார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேருக்கு மறுநாள் பெருநாள், பாதிப் பேருக்கு மறுநாளும் நோன்பு. இதுவரைக்கும் பெரிய பிழை ஒன்றும் இல்லை. எந்த ஊரிலும் நடக்கிறதுதான்.

பிழை எங்கே நடந்தது என்றால், மறுநாள் எங்கள் வீட்டில். பெரிய மாமா புதுச் சாரம் உடுத்தி அத்தர் பூசிப் பெருநாள் கொண்டாட வந்தார். சின்ன மாமா நோன்போடு, வறண்ட உதட்டோடு, அங்கே கதிரையில் உட்கார்ந்திருந்தார். உம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பெரிய மாமாவுக்குப் பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் வைத்தார். அவர் அதைச் சின்ன மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார்.

"பிறை தெரியிற கண்ணுக்கு முன்னால இருக்கிற நோன்பாளி தெரியல்லையோ?" என்று கேட்டார் சின்ன மாமா.

"பெருநாள்ல நோன்பு பிடிக்கிறவனை நான் எந்தக் கிதாபுலயும் கண்டதில்ல," என்றார் பெரிய மாமா.

அதோடு அறுந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் பிறை எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் பெரிய மாமா பெருநாளன்றே வந்து போவார், சின்ன மாமா மறுநாள்தான் வருவார். உம்மா இரண்டு நாளும் வட்டிலாப்பம் அவிப்பார். எங்களுக்கு அது நல்ல கொண்டாட்டம். உம்மாவுக்கு இல்லை. இரண்டாம் நாள் அடுப்பை ஊதும்போது அவர் முகத்தைப் பார்த்தால் புகை மட்டும் காரணம் இல்லை என்று தெரியும்.

உம்மா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "மகன், எனக்குப் பவுணும் வேணாம், பட்டும் வேணாம். உன்ட தங்கச்சிட கலியாணத்துல அவங்க ரெண்டு பேரும் ஒரே சகன்ல கை வைக்கிறதை நான் என்ட கண்ணால பார்க்கணும்."

வாப்பா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஒரே பாயில இருக்கமாட்டாங்க. போன கலியாணத்துல என்ன நடந்தது? சின்ன மச்சான் பெரியவரைக் கண்ட உடனே செருப்பை மாட்டிட்டுப் போகல்லையா? நம்மட வீட்டுல பசியோட எழும்பிப் போனா நீ தாங்குவியா?"

பெண்ணின் மாமன் சாப்பிடாமல் வெளியே போன வீடு என்று ஊர் கதைக்கும். அதையும் உம்மாதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெல்லப் போனால் உள்ளதும் போய்விடும் என்ற நிலை.

உலக யுத்த காலம் அது. தலைக்கு மேலே விமானங்கள் இரையும். கீழே அரிசிக்குக் கூப்பன். கலியாணத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுத்து உதவினார்கள். இரண்டு மாமாக்களும் தனித்தனியாக ஒவ்வொரு சாக்கு அனுப்பினார்கள். உம்மா அளந்து கொட்டினார். எங்கள் வழக்கப்படி முதல் கொத்தை ஒன்று என்று எண்ணாமல், அருள் பெருகட்டும் என்று "பரக்கத்" சொல்லி, பிறகு ரெண்டு, மூண்டு என்று போனார். நானா அனுப்பிய அரிசி இது, தம்பி அனுப்பிய அரிசி அது என்று யாராலும் பிரிக்க முடியாதபடி இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்தார். "இதாவது சேரட்டும்," என்றார். அந்தச் சொல்தான் என்னை உசுப்பிவிட்டது.

எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டினேன். முதலாவது, சகன் முன்னால் வந்து இறங்கிவிட்டால் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை எழும்பக் கூடாது. எழும்பினால் சோற்றை அவமதித்ததாகும். எங்கள் ஆட்களில் எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் அதைச் செய்யத் துணியமாட்டான். இரண்டாவது, இரண்டு மாமாக்களுக்கும் மனக்கணக்கில் அப்படியொரு தலைக்கனம். சின்ன வயதில் ஒருவரையொருவர் கணக்குக் கேட்டு மடக்குவதுதான் அவர்களுடைய விளையாட்டு என்று உம்மா சொல்லியிருக்கிறார். பெரிய மாமா லட்சத்திலிருந்து இறங்கிவருவார். சின்ன மாமா ஒன்றிலிருந்து ஏறிப்போவார். ஆகவே சகன் வருமுன் ஆறு பேரை வட்டமாக உட்காரவைத்துவிட வேண்டும். உட்காரவைப்பது என் எண்ணின் பொறுப்பு. வாப்பா, குறிஞ்சிப்பிட்டிச் சாச்சா, மச்சான் முறையான ஒருவர், இந்த மூன்று பேரிடமும் மட்டும் திட்டத்தைச் சொன்னேன்.

"சரிவரல்லையெண்டா?" என்றார் வாப்பா.

"பெருக்கல் எப்பவும் சரிவரும் வாப்பா," என்றேன். அந்த வயதில் அவ்வளவு திமிர்.

கலியாண நாளன்று நிக்காஹ் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் சகன் போய்க்கொண்டிருந்தது. வீட்டார் பின்பந்தலில் காத்திருந்தோம். பெரிய மாமா ஒரு மூலையில், சின்ன மாமா எதிர் மூலையில் கிணற்றடிப் பக்கம். இருவருக்கும் நடுவில் நான் ஒரு பாயை விரித்தேன். வெண்கட்டியால் பாயின் விளிம்பைச் சுற்றி ஆறு இலக்கங்களையும் எழுதினேன். வாப்பா நான்கில் உட்கார்ந்தார். சாச்சா ஐந்தில், மச்சான் ஏழில். நான் இரண்டைப் பிடித்துக்கொண்டு, பந்தல் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"இந்த எண்ணை என்னத்தால பெருக்கினாலும் குலைக்க ஏலாது. களப்புக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, இதை மடக்கிற மனக்கணக்குக்காரர் ஒருத்தரும் இல்ல."

பெரிய மாமா செருமினார். எழுந்து வந்து இலக்கங்களை மேலிருந்து பார்த்தார். "இதுல முதலாவது எது?"

"ஒண்டு, மாமா."

"அப்ப அது நான்," என்று சொல்லி ஒன்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். வேறு எதில் உட்காருவார்?

மச்சான் மூன்றால் பெருக்கச் சொன்னார். நான் நான்கிலிருந்து சுற்றி ஒப்பித்தேன். பெரிய மாமா கண்ணை மூடி லட்சத்திலிருந்து இறங்கிவந்து, "சரிதான்," என்றார். இரண்டால், நான்கால் கேட்டார்கள், பிறகு ஐந்தால். அதையும் பெரிய மாமா சோதித்தார். இந்தத் தடவை இடையில் எங்கேயோ தடுக்கி, "ஏழு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூத்தி..." என்று இழுத்தார்.

"எண்பத்தஞ்சு," என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் அத்தர் மணத்தது. சின்ன மாமா நின்றபடியே வட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். காலியாக இருந்தது ஓர் இடம்தான்.

"எட்டு ஆரும் இல்லையா?" என்றார்.

"இல்ல மாமா. இதுல பெரிய எண்ணு அதுதான்."

பெரிய எண் என்று கேட்டதும் ஒரு முழங்காலை மடக்கி, மறு முழங்காலை எழும்பத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணக்குக்குத்தானே, சாப்பாட்டுக்கு இல்லையே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தியிருப்பார். மூத்தவருக்கு முதலாவது, இளையவருக்குப் பெரியது. ஒன்றுக்கு நேர் எதிரே எட்டு. அவரவர் பெருமையே அவரவரை எதிரெதிரே கொண்டுவந்து வைத்துவிட்டது. இருவரும் வெண்கட்டி எழுத்தையே பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறால," என்றார் சாச்சா.

நான் வாயைத் திறக்குமுன் பெரிய மாமா மேலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டார். "எட்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்து..." சின்ன மாமா கீழிருந்து ஏறி முடித்திருந்தார். "...நூத்தி நாப்பத்திரண்டு." ஒரே எண்ணின் முன்பாதி ஒருவர் வாயிலிருந்தும் பின்பாதி மற்றவர் வாயிலிருந்தும் வந்தது. 857, 142. இரண்டு பாதியும் சேர்ந்தால் 999. இதை அப்போது சொல்லிக்காட்ட எனக்கு நாக்கு துடித்தது. வாப்பா என் தொடையில் கிள்ளினார்.

ஆனால் சகன் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் முடியவில்லை போலும். ஒன்று முதல் ஆறு வரை எல்லாவற்றாலும் பெருக்கியாகிவிட்டது. எனக்கு வியர்த்தது. சின்ன மாமா கடைக்காரர். சரக்கில் எங்கே ஓட்டை என்று பார்க்காமல் விடமாட்டார்.

"என்னத்தால பெருக்கினாலும் குலையாது எண்டீங்க. எங்க, ஏழால பெருக்குங்க பார்ப்பம்."

நான் பயந்த கேள்வி அதுதான். ஏழால் பிறந்த எண் அது. ஏழால் பெருக்கினால் விளையாட்டு அங்கேயே செத்துப்போகும். பெரிய மாமா கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. "ஒம்பது லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. எல்லாம் ஒம்பது!"

"ஆறு இடத்துலயும் ஒம்பதா?" என்று சாச்சா வாய் பிளந்தார்.

"அப்ப நான் ஒண்டு இல்லையா?" என்றார் பெரிய மாமா, ஏதோ பதவி போன மாதிரி.

"நானும் எட்டு இல்லத்தான்," என்று சொல்லிச் சின்ன மாமா சிரித்தார். சிரித்ததும் தான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது. கையை முழங்காலில் ஊன்றினார். "சரி மருமகன், கணக்கு முடிஞ்சது," என்று எழும்பப் பார்த்தார்.

அந்த நொடியில் கை கழுவத் தண்ணீர் வந்தது. செம்பும் சட்டியும் மூக்குக்கு நேரே வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக நீளும். சின்ன மாமாவின் கையும் நீண்டது. கழுவிய கையை உதறுவதற்குள் வெண்கட்டி வட்டத்தின் நடுவில் சகன் இறங்கியது. மூடியைத் தூக்கினார்கள். நெய்ச்சோற்று ஆவி எழுந்தது. ஆவி கலைந்தபோது ஒன்றும் எட்டும் முதல் முறையாக ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

யாரும் எழும்பவில்லை. எழும்பவும் முடியாது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் நான் யோசிக்காமல் விட்டது என்ன என்று தெரிந்தது. தோளோடு தோள் உரசாமல் இருக்கட்டும் என்று அவர்களை எதிரெதிரே வைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சகனில் இறைச்சி நடுவில் இருக்கிறது. அதைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகப் பங்கு வைப்பது வட்டத்தில் மூத்தவரின் வேலை. அவர் பிஸ்மி சொல்லிப் பங்கு வைக்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். தம்பியின் பக்கம் பங்கு வைக்காமல் பெரிய மாமா கையை எடுத்துவிட்டால்? சகன் முன்னால் வைத்து ஒருவரைத் தவிர்ப்பது பிறைச் சண்டையைவிடப் பெரிய அவமானம். அதை இந்த ஜென்மத்தில் யாராலும் துடைக்க முடியாது.

பெரிய மாமாவின் கை சோற்றுக்கு மேலே நின்றது. வீட்டு வாசலில் தொங்கிய திரை அசைந்தது. உம்மா அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"பிஸ்மில்லாஹ்," என்றார் பெரிய மாமா கடைசியில். இறைச்சியைப் பிய்த்தார். வாப்பாவுக்கு ஒரு துண்டு வைத்தார். எனக்கு ஒன்று. சாச்சாவுக்கு ஒன்று. மச்சானுக்கு ஒன்று. சின்ன மாமாவின் பக்கத்துச் சோறு வெறுமனே இருந்தது. நடுவில் மிச்சமிருந்தது நல்லி எலும்போடு கூடிய பெரிய துண்டு. சின்ன வயதில் அந்த எலும்புக்காகச் சின்ன மாமா அழுது புரண்டு அடம்பிடிப்பார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரிய மாமா அதை எடுத்தார். தம்பி என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. பார்வை பாயின் விளிம்புக்குப் போயிற்று.

"இது எட்டுக்கு," என்று சொல்லிக் கையைச் சகனுக்குக் குறுக்கே நீட்டி எதிர்ப்பக்கத்தில் வைத்தார்.

சின்ன மாமா அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை இறுகித் தளர்ந்தது. "அப்ப ஒண்டுக்கு என்ன மிச்சம்?" என்றார். எலும்பிலிருந்து இறைச்சியைப் பாதிக்கு மேல் பிய்த்து, அதே குறுக்கு வழியாகத் திருப்பி வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. வாப்பா சோற்றை வேகவேகமாக அள்ளினார். அவரும் அழுதார் என்று பிறகு சாச்சா சொன்னார்.

திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மா ஒரு கிண்ணம் சம்பலோடு வந்து நின்றார். சம்பல் ஏற்கெனவே சகனில் இருந்தது. அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. உம்மா வட்டத்தைப் பார்த்தார். சோற்றில் இருந்த கைகளைப் பார்த்தார். கிண்ணத்தை வைக்க மறந்து நின்றார்.

"தங்கச்சி, இப்படி இரு," என்றார் பெரிய மாமா.

"ஆறு பேர்ட சகன் நானா. ஏழாவது ஆளுக்கு எங்க இடம்?"

"ஏழு வந்தாத்தான் ராத்தா எல்லாரும் ஒம்பது," என்று அக்காவுக்குச் சின்ன மாமா நகர்ந்து இடம் கொடுத்தார். உம்மாவுக்கு அது புரியவில்லை. நான் எத்தனையோ நாள் விளக்கியும் ஏழாவது பெருக்கல் வரைக்கும் அவர் கேட்டதே இல்லை. உம்மா சபையில் உட்காரவில்லை. குனிந்துமட்டும் நின்றார். பெரிய மாமா சகனின் நடுவிலிருந்து சோற்றை எடுத்துப் பிசைந்தார். சின்ன மாமா அதன் மேல் கொஞ்சம் நல்லிச் சதையை வைத்தார். இருவர் கையும் பட்ட அந்த உருண்டையைப் பெரிய மாமா உம்மாவின் வாயில் கொடுத்தார்.

உம்மா மென்றார். கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது. பந்தல் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டு, முக்காட்டு ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையல்காரர் நின்ற பக்கம் திரும்பினார்.

"சோத்துக்கு உப்புக் காணாது," என்றார்.

"ஓம்," என்றார்கள் இரண்டு மாமாக்களும், ஒரே நேரத்தில்.